பேங்கைத் தின்ற குழந்தையும் ஜிங்கோ மரமும்

துபாயில் இருக்கும் ஜெனிபர் போன மாதம் அழைத்தாள். ஒரு காலத்தில் என்னிடம் பயிற்சிக்கு வந்தவள். இப்போது பெரிய மருத்துவமனை ஒன்றில் மருந்துப் பிரிவையே நடத்துகிறாள். அங்கே புதிதாக ஒரு மென்பொருள் வந்திருக்கிறதாம். ஒரு மருந்தோடு இன்னொரு மருந்து ஒத்துப்போகாது என்றால் திரையில் சிவப்புப் பெட்டி எழும்புமாம். காரணம் எழுதாமல் அந்தப் பெட்டியை மூடக்கூட முடியாதாம்.

"இது இல்லாம நீங்கல்லாம் எப்படிக்கா சமாளிச்சீங்க? இங்க பயிற்சிக்கு வந்திருக்க பிள்ளைங்க கேக்குதாங்க. ஏதாவது எழுதித் தாங்க" என்றாள்.

எழுதலாம் என்று உட்கார்ந்தபோது இருபது வருட வேலையில் எத்தனையோ சீட்டுகளும் முகங்களும் நினைவுக்கு வந்தன. எல்லாவற்றையும் ஒதுக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றது ஒரு மரம்தான். அரபு நாட்டு வெயிலில் அந்த மரம் வளராது. நம் கன்னியாகுமரிக் கடற்கரையிலும் வளராது. ஆனாலும் என் வேலையில் மிகப் பெரிய இரண்டு பாடங்களை அதுதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

மதுரையில் மருந்தியல் படித்தேன். நாகர்கோவிலில் ஒரு மருந்துக் கடையில் ஆறு வருடம் இருந்தேன். கணவருக்குப் புஜைரா துறைமுகத்தில் கிரேன் பழுதுபார்க்கும் வேலை கிடைத்ததும் நானும் போனேன். அரசாங்கத் தேர்வை இரண்டாம் முறையில் தேறி, இரண்டாயிரத்து ஒன்றில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். அதுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் மருந்தின் பெயரும் அளவும்தான்.

அங்கே தலைமை மருந்தாளர் டாக்டர் சமீரா. சூடான்காரர். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். நெடுநெடுவென்று உயரம். நம் புடவையைப் போலவே உடம்பைச் சுற்றிக் கட்டும் நீளத் துணியைத்தான் எப்போதும் உடுத்தியிருப்பார். கோபம் வந்தால் அவர் குரல் தாழும். எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவு கோபம் என்று நாங்கள் புரிந்துகொள்வோம். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால் பதில் வரும்வரை வாயைத் திறக்க மாட்டார். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் மனிதர்கள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

அவரிடம் ஒரு வெள்ளை எனாமல் தட்டு இருந்தது. தொடர்ந்து மருந்து வாங்குகிறவர் யாராக இருந்தாலும் வீட்டில் இருக்கும் மருந்து, பொடி, வேர், எண்ணெய் எல்லாவற்றையும் பையோடு எடுத்துவந்து அந்தத் தட்டில் கொட்ட வேண்டும். "அவர்கள் சொல்வதைக் கேள், செலின். ஆனால் தட்டில் இருப்பதைப் பார்" என்பார். கொட்டியதை ஒவ்வொன்றாக எடுத்து, மூடியைத் திறந்து, முகர்ந்து, விளக்கில் பிடித்துப் பார்த்து, பேரேட்டில் தன் கைப்பட எழுதுவார். ஒரு ஆளுக்கு அரை மணி நேரம்கூட ஆகும். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுத்தால் அவர்களுக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்வார்.

சேர்ந்து இரண்டாவது வருடம் என்று நினைக்கிறேன். திப்பாவிலிருந்து அபூ சயீத் என்ற பெரியவர் மாதாமாதம் வந்துகொண்டிருந்தார். பழைய மீனவர், அந்த நாட்டுக்காரர். அவர் வாங்குவது ஒரே பொருள்தான், ஜிங்கோ மாத்திரை. பச்சை அட்டைப்பெட்டி. அதன் மேல் விசிறி போல விரிந்து நடுவில் ஒரு பிளவுள்ள இலையின் படம். ஞாபகசக்திக்கு நல்லது, காதில் இரைச்சலுக்கு நல்லது, கால் மரத்துப்போவதற்கு நல்லது என்று அப்போது வளைகுடா முழுக்க அது அமோகமாக விற்றது. அவருடைய மனைவிக்கு மறதி தொடங்கியிருந்தது. துபாயில் யாரோ சொல்லி இந்த மாத்திரையைக் கொடுத்துவந்தார்.

நான் எடுத்துக் கொடுத்துவிடுவேன். மூலிகைதானே என்ற எண்ணம். மூன்றாவது மாதமோ நான்காவது மாதமோ சமீரா கவுன்டர் பக்கம் வந்தவர் பெட்டியின் மேல் கையை வைத்தார்.

"உங்கள் மனைவி வேறென்ன மருந்து சாப்பிடுகிறார்?"

"மாஃபி" என்றார் பெரியவர். ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

சமீரா பேசாமல் நின்றார். பெரியவர் தாடியைத் தடவினார். "இதயத்துக்கு ஏதோ ஒன்று. அது மருந்தில்லை, தினமும் சாப்பிடுவது" என்றார்.

மறுநாள் மனைவியைக் கூட்டிக்கொண்டு, மருந்துப் பையையும் எடுத்து வரச் சொன்னார் சமீரா. பையைத் தட்டில் கவிழ்த்தபோது, ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரை அதில் இருந்தது. வேறொரு மருத்துவமனையில் கொடுத்தது. சமீரா அந்த அம்மாவின் கறுப்பு அபாயா அங்கியின் கையைப் பக்குவமாக மேலே ஏற்றினார். முழங்கைக்குக் கீழே நாவல்பழக் கறை போல நீலநீலமாகத் திட்டுகள். அடிபடாமலே உள்ளுக்குள் ரத்தம் கசிந்த இடங்கள். ஜிங்கோ இலையும் சிலருக்கு ரத்தத்தை நீர்க்கச் செய்யக்கூடும், இரண்டும் சேர்ந்தால் ஆபத்து என்று அன்றுதான் என் புத்தியில் ஏறியது. புத்தகத்தில் படித்திருக்கிறேன். கையில் பார்த்ததில்லை.

பெரியவருக்கு விஷயம் புரிந்ததும் அவர் கேட்ட கேள்வி எனக்கு இன்றும் வரி பிசகாமல் நினைவிருக்கிறது. "இந்த இலையை நிறுத்தினால் அவள் என்னை மறந்துவிடுவாளா?"

சமீரா கவுன்டரைச் சுற்றி வெளியே வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றார். "இந்த இலை ஞாபகத்தைக் காப்பாற்றும் என்று சிலர் சொல்கிறார்கள், இல்லை என்றும் சிலர் சொல்கிறார்கள். எனக்குத் தெரியாது. ஆனால் தலைக்குள் ரத்தம் கசிந்தால் ஒரே நாளில் எல்லாவற்றையும் மறந்துவிடுவார். அது எனக்குத் தெரியும்."

பெரியவர் அந்தப் பச்சைப் பெட்டியைத் திருப்பித் தள்ளினார். பிறகு, அந்தப் படத்தைக் காட்டி, இது எந்த நாட்டு மரம் என்று கேட்டார். சீனம், கொரியா, ஜப்பான் பக்கம் என்றார் சமீரா. பூமியில் பூக்கும் செடிகளே இல்லாத காலத்திலிருந்து இருக்கும் மர இனம், அதன் உறவு மரங்கள் எல்லாம் அழிந்துபோய் இது ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது, ஆயிரம் வருடம்கூட வாழும் என்றும் சொன்னார். "சுபஹானல்லாஹ்" என்றார் பெரியவர். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு போனார். நான் தினமும் தூசி தட்டி அடுக்கிய பெட்டிதான். அதற்குள் இவ்வளவு பெரிய ஒரு சங்கதி இருப்பதை அன்றுவரை நான் யோசித்ததே கிடையாது.

இனி அந்த வெள்ளிக்கிழமை.

இரண்டாயிரத்து ஆறு, குளிர் தொடங்கியிருந்த நேரம். வெள்ளிக்கிழமை என்பதால் மருந்தகத்தில் நான் ஒருத்திதான் டூட்டி. ஜும்மா தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் அவசரப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. ஐந்து வயதுப் பெண் குழந்தை, வலிப்பு நிற்கவில்லை, மருந்து கலந்து எடுத்து வா என்றார்கள்.

போய்ப் பார்த்தேன். பெயர் சூஜின். கொரியக் குழந்தை. கண்கள் மேலே செருகி, தாடை இறுகி, கைகால் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. ஊசி போட்டதும் நின்றது. பத்து நிமிடத்தில் மறுபடி வந்தது. குழந்தை மருத்துவர் டாக்டர் முனீர் ஈராக்காரர், கெட்டிக்காரர். காய்ச்சல் இல்லை. சர்க்கரை சரியாக இருந்தது. தலையில் அடி இல்லை. மூளைக்காய்ச்சலாக இருக்கலாம் என்று முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுக்கச் சொல்லிவிட்டு, கிருமிக்கொல்லி மருந்தும் தொடங்கச் சொன்னார். அவர் செய்தது எதிலும் தவறில்லை.

நான் மருந்தைக் கலந்து தொங்கவிட்டேன். நாங்கள் எந்த மருந்தைக் கலந்தாலும், நோயாளி முந்தின நாளிலிருந்து என்ன தின்றார், என்ன குடித்தார் என்று வாய்விட்டுக் கேட்டு எழுத வேண்டும். சமீராவின் கட்டளை அது. எனவே தாயைத் தேடினேன்.

அந்தப் பெண் நடைபாதைச் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். ஒரு காலில் செருப்பு இல்லை. அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. கணவர் பார்க் எண்ணெய்த் தொட்டிகளின் வெல்டிங்கைச் சோதிக்கும் இன்ஜினியர். அபுதாபிக்கு அப்பால் ஒரு தீவில் டூட்டியில் இருந்தார், போன் கிடைக்கவில்லை. அவரிடம் வேலை பார்க்கும் ஜாபர் பாய்தான் தாயையும் குழந்தையையும் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கீழக்கரைக்காரர். கொரியக் கம்பெனிகளிலேயே பன்னிரண்டு வருடம் சூப்பர்வைசராக இருந்ததில் சைட்டுக்கு வேண்டிய கொரியன் பேசுவார்.

நான் கேட்கச் சொன்னேன். அவர் கேட்டார். அந்தப் பெண் அழுதுகொண்டே ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். "உன்ஹேங். உன்ஹேங்."

"என்ன சொல்லுதாங்க பாய்?"

ஜாபர் பாய் விழித்தார். "சிஸ்டர், தப்பா எடுத்துக்கிறாதீய. புள்ள பேங்கத் தின்னுருச்சுண்டு சொல்லுது."

"பேங்கயா?"

"அப்புடித்தான் சொல்லுது. உன்ஹேங்னா பேங்குதான். சம்பளம் போட்டா கொரியாக்காரய்ங்க உன்ஹேங் உன்ஹேங்னுட்டுத்தான் கெளம்புவாய்ங்க. பாவம், பதட்டத்துல என்னமோ ஒளறுது."

இன்னொரு தடவை கேட்கச் சொன்னேன். அதே பதில்தான். குழந்தை பேங்கைத் தின்றது, நிறையத் தின்றது. இந்தத் தாய் உளறவில்லை. அவள் கண்ணில் தெரிந்தது குழப்பம் இல்லை, குற்றவுணர்வு. ஏதோ ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறாள், நமக்குத்தான் எட்டவில்லை.

"பாய், நீங்க உடனே அவங்க வீட்டுக்குப் போங்க. அடுப்படியில, மேசையில திங்கிற சாமான் எது இருந்தாலும் அள்ளிட்டு வாங்க. குப்பைக் கூடையையும் விடாதீங்க."

"குப்பையுமா?"

"குப்பைதான் முக்கியம்."

கால் மணி நேரத்தில் திரும்பினார். கறுப்புப் பையைக் குழந்தையின் படுக்கையருகே, மருந்தகத்திலிருந்து நான் எடுத்துவந்த எனாமல் தட்டில் கவிழ்த்தோம். முட்டை ஓடு, ஆரஞ்சுத் தோல், ஈரத் தேயிலை. அவற்றுக்கு நடுவில் ஒரு குவியல். வெளிர் சந்தன நிறத்தில், பிஸ்தாவைப் போல, ஆனால் இன்னும் வழுவழுப்பாக, இரண்டு பக்கமும் வரம்பு கட்டிய சின்னச் சின்ன ஓடுகள். தாய் பாய்ந்து வந்து ஒரு கை அள்ளினாள். "உன்ஹேங்!" என்று என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

எண்ணினேன். பாதி ஓடுகளாக இருந்தவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஐம்பதுக்கும் மேல். எந்தக் கொட்டை என்று எனக்குத் தெரியவில்லை. ஜாபர் பாய்க்கும் தெரியவில்லை. "பிஸ்தா மாதிரி இருக்கு, பிஸ்தா இல்ல" என்றார்.

அப்போதுதான் அந்தத் தாய் என் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவினாள். படுக்கையில் கிடந்த காய்ச்சல் அட்டையைத் திருப்பி, ஒரு காம்பு போட்டாள். காம்பின் தலையில் விசிறி போல ஒரு வளைவு. வளைவின் நடுவில் ஒரு பிளவு.

ஐந்து வருடமாக நான் தூசி தட்டி அடுக்கிய இலை அது.

மருந்தகத்துக்கு ஓடிப்போய்ப் பச்சைப் பெட்டியை எடுத்துவந்து காட்டினேன். பெட்டியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு அவள் தலையை ஆட்டிய வேகத்தில் கண்ணீர் என் கையில் தெறித்தது. கொரிய மொழியில் வங்கிக்கும் இந்தக் கொட்டைக்கும் ஒரே உச்சரிப்பு என்பது பிறகு தெரிந்தது. பழைய சீன எழுத்தில் எழுதினால்தான் வேறுபாடு தெரியும்: வெள்ளிப் பழம் என்பது போல ஒரு பெயர்.

ஆனால் இலை தெரிந்தால் போதுமா? இலையைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் தெரியும். கொட்டையைப் பற்றி ஒன்றும் தெரியாது. சமீராவின் வீட்டுக்குப் போன் செய்தேன். "வருகிறேன். சிவப்பு அட்டை போட்ட விஷமுறிவுப் புத்தகத்தை எடுத்து வை. குழந்தையின் எடை என்ன என்று பார்" என்றார்.

பன்னிரண்டு நிமிடத்தில் வந்தார். நின்றபடியே புத்தகத்தைப் புரட்டினார். ஒரு பத்தி, மிகச் சின்ன எழுத்து. அதன் மேல் விரலை வைத்து என்னைப் படிக்கச் சொன்னார். ஜிங்கோ கொட்டைக்குள் ஒரு பொருள் இருக்கிறது. பார்வைக்கு வைட்டமின் பி6 மாதிரியே இருந்து, பி6 செய்ய வேண்டிய வேலையைத் தடுத்துவிடும். வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. குழந்தைகள் அதிகம் தின்றால் வலிப்பு வரும்.

"சூடானில், கார்ட்டூம் மருத்துவமனையில் இருந்தபோது ஒரு பெண் காசநோய் மாத்திரையைக் கை நிறைய விழுங்கிவிட்டு வந்தாள்" என்றார் சமீரா. "இதே வலிப்பு. எந்த ஊசிக்கும் நிற்கவில்லை. அங்கேயும் பறிபோனது பி6தான். கொடுத்ததும் நின்றது."

டாக்டர் முனீரிடம் போனோம். அதற்குள் சூஜினுக்கு மூன்றாம் முறை வலிப்பு வந்திருந்தது. மூச்சுக்குழாய் போடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தார். சமீரா சொன்னதைக் கேட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"வலிப்புக்கு வைட்டமினா? நீங்கள் தவறாக இருந்தால் நான் நேரத்தை இழப்பேன்."

சமீராவின் குரல் தாழ்ந்தது. பக்கத்தில் நின்ற எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. "நீங்கள் செய்வது எதையும் நிறுத்த வேண்டாம், டாக்டர். இதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் சொல்லித்தான் கொடுத்தீர்கள் என்று என் பெயரையும் நேரத்தையும் அட்டையில் எழுதுகிறேன்."

முனீர் தட்டில் இருந்த ஓடுகளைப் பார்த்தார். தாயைப் பார்த்தார். "எழுத வேண்டியதில்லை. கொடுங்கள்" என்றார்.

கொடுப்பதற்கு என்ன இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. எங்களிடம் பி6 தனி ஊசி இல்லை. மூன்று வைட்டமின் கலந்த ஊசி இருந்தது. நான் கையை நீட்டியதும் சமீரா தடுத்தார். "அது சதையில் போடுவது. நரம்பில் ஏற்றக் கூடாது." தனி பி6 மாத்திரையாகத்தான் இருந்தது. கர்ப்பிணிகளின் குமட்டலுக்குக் கொடுப்பது, மலிவான சின்ன வெள்ளை மாத்திரை. குழந்தை பதினெட்டு கிலோ. கணக்குப் போட்டால் மூன்று மாத்திரை.

கல்வத்தில் போட்டு நுணுக்கினேன். அவசரத்தில் குழவி விளிம்பில் இடித்தது. சமீரா கல்வத்தை அசையாமல் பிடித்துக்கொண்டார். காய்ச்சி ஆறிய நீரில் கரைத்து, வடிகட்டி, மூக்கு வழியாக வயிற்றுக்குப் போட்டிருந்த குழாயில் செலுத்தினோம். மூன்று மணி பத்து நிமிடம்.

வலிப்பு வந்த குழந்தையின் வயிறு மருந்தை எவ்வளவு உறிஞ்சும் என்று நம்ப முடியாது. எனவே சமீரா போனை எடுத்து, தெரிந்த மருந்தாளர்களை ஒவ்வொருவராக அழைத்தார். ஷார்ஜாவில் ஒரு மருத்துவமனையில் ஊசி இருந்தது. அவர்கள் ஓர் ஆளைப் பாதி வழியில் இருக்கும் தைத் என்ற ஊர் வரைக்கும் அனுப்புவதாகச் சொன்னார்கள். இங்கிருந்து யாராவது அங்கே போய் வாங்கிவர வேண்டும். மலை வழியாக ஒன்றே முக்கால் மணி நேரமாவது ஆகும், போய்வர.

ஜாபர் பாய் சாவியை எடுத்துவிட்டார். "நான் போறேன் சிஸ்டர். ரோடு எனக்கு மனப்பாடம்."

"பாத்துப் போங்க பாய்."

"புள்ளயப் பாத்துக்கங்க. அது என்னைய மாமாண்டு கூப்புடும்."

அவர் போன பிறகு செய்ய ஒன்றுமில்லை. என் வேலையில் நான் மிகவும் பயந்த நேரம் அதுதான். முதுகுநீர் முடிவு வந்தது, சுத்தமாக இருந்தது. மூன்றே முக்காலுக்கு மறுபடி வலிப்பு. ஆனால் முன்னைப் போல இல்லை, அரை நிமிடத்தில் தானாக அடங்கியது. முனீர் கடிகாரத்தைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குழந்தையின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

தாய் தன் நெஞ்சில் குத்திக்கொள்ளத் தொடங்கியிருந்தாள். பிறகு தெரிந்த கதை இதுதான். ஊரிலிருந்து வந்த நண்பர் கொடுத்த கொட்டையை வறுத்து மேசையில் வைத்திருக்கிறாள். குழந்தைக்கு இரண்டு மூன்றுக்கு மேல் தரக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். தலைவலி என்று கொஞ்ச நேரம் படுத்திருக்கிறாள், அவ்வளவுதான். சமீரா தன் நீளத் துணியை ஒதுக்கிக்கொண்டு தரையில் அவளோடு உட்கார்ந்தார். இருவருக்கும் பொது மொழி கிடையாது. சமீரா அந்த இலை வரைந்த அட்டையை அவளிடம் காட்டி, குழந்தையைக் காட்டி, மறுபடி அவளைக் காட்டினார். நீதான் காப்பாற்றினாய், இதை வரைந்து. இரண்டு மூன்று முறை அப்படிக் காட்டிய பிறகு அவள் குத்துவதை நிறுத்தினாள். சமீராவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஜாபர் பாய் கறுப்புத் தாளில் சுற்றிய சின்னப் பொட்டலத்தோடு ஓடிவந்தார். முனீர் தன் கையாலேயே ஊசியை மெதுவாக ஏற்றினார். அதற்குப் பிறகு ஒரு வலிப்புகூட வரவில்லை. ஒன்றுகூட இல்லை.

மறுநாள் காலையில் டூட்டிக்கு வந்ததும் வார்டுக்குத்தான் போனேன். சூஜின் எழுந்து உட்கார்ந்திருந்தாள். உதடு கடிபட்டு வீங்கியிருந்தது. என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். பக்கத்தில் நின்ற ஜாபர் பாய்க்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அவ அம்மாவோட இன்னொரு செருப்பு எங்கண்டு கேக்குது" என்றார்.

அன்றைக்குத் தீவிலிருந்து பார்க் வந்து சேர்ந்தார். ஆங்கிலம் பேசுவார். சமீராவின் முன்னால் இடுப்புவரை குனிந்து நின்றார், நிமிரவே இல்லை. அந்தக் கொட்டை எங்கே கிடைத்தது என்று சமீரா கேட்டார். அது அவருடைய ஊர் மரம். ஊர்ப் பழைய பாடசாலை வாசலில் நிற்கிறது, எழுநூறு வயது என்று சொல்வார்களாம். படித்தவர்களின் மரம் என்று அந்தக் காலத்தில் பாடசாலைகளில் நட்டார்களாம். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு, ஒன்றையொன்று பார்த்து நின்றால்தான் காய்க்கும் என்பார்களாம். தாத்தா நட்டால் பேரன் தின்பான் என்று அதற்கு ஒரு பெயரே உண்டாம், அவ்வளவு நிதானமாக வளரும் மரம்.

"பயிற்சிக்கு ஜப்பான் போனபோது ஹிரோஷிமாவில் ஒரு மரம் பார்த்தேன்" என்றார் பார்க். "அணுகுண்டில் கரிந்துபோனது. அடுத்த வசந்தத்தில் துளிர்விட்டதாம். இப்போதும் நிற்கிறது. நான் தொட்டுப் பார்த்தேன்." சொல்லிவிட்டுத் தன் உள்ளங்கையைப் பார்த்தார். "அந்த மரம் என் மகளைக் கொல்லப் பார்த்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, டாக்டர்."

"மரம் ஒன்றும் செய்யவில்லை" என்றார் சமீரா. "அது தன் விதையைக் காப்பாற்றிக்கொள்கிறது."

அன்று சாயங்காலம் நான் அந்தச் சம்பவத்தைப் பேரேட்டில் எழுதினேன். நேரம், எடை, அளவு, ஓடுகளின் எண்ணிக்கை. எழுதி முடித்தும் எழுந்துபோக மனம் வரவில்லை. இலை ஞாபகத்துக்கு என்கிறார்கள், அதே இலை ஒருத்தியின் கையில் நீலத் திட்டாக வந்தது. கொட்டை விருந்துக்கு, அதே கொட்டை ஒரு குழந்தையின் மூளையைப் பிடித்து ஆட்டியது. அதற்கு மாற்று குமட்டலுக்குக் கொடுக்கும் மூன்று மாத்திரை. இத்தனை வருடம் மருந்து விற்ற எனக்கு, கையில் என்ன வைத்திருக்கிறேன் என்ற பயமும் வியப்பும் அன்றுதான் வந்தது. ஜெனிபர், உன் பிள்ளைகளிடம் சொல். சிவப்புப் பெட்டி நல்லதுதான். ஆனால் "உன்ஹேங்" என்று தட்டச்சு செய்தால் அது என்ன காட்டியிருக்கும்?

பார்க்கின் குடும்பம் இரண்டாயிரத்து எட்டில் ஊர் திரும்பியது. மறு வருடம் நவம்பர் கடைசியில் நானும் கணவரும் லீவில் அங்கே போனோம். வா, வா என்று அவர்கள் விடாமல் அழைத்துக்கொண்டே இருந்தார்கள். சமீராவையும் அழைத்தேன். மருந்தகத்தை யார் பார்ப்பது என்று மறுத்துவிட்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்த இரவு கடும் உறைபனி. காலையில் சூஜின் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். எட்டு வயது. அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி அவளுக்கு எதுவும் நினைவில்லை. தெரு திரும்பியதும் நான் நின்றுவிட்டேன். பாடசாலைக் கூரையைவிட மூன்று மடங்கு உயரத்தில் ஒரு மஞ்சள் மலை. அடிமரத்தைச் சுற்றி ஏழெட்டு பேர் கைகோத்தால்தான் கட்ட முடியும். தரையில் விழுந்த பழங்கள் அழுகி ஒரு நாற்றம், வாந்தி நாற்றம் மாதிரியே. பெண்கள் கையுறை போட்டுக்கொண்டு பொறுக்கிக்கொண்டிருந்தார்கள், வெறுங்கையால் தொட்டால் தோல் வெந்துவிடுமாம்.

கொஞ்ச நேரத்தில் வெயில் மரத்தின் உச்சியைத் தொட்டது. காற்று துளிகூட இல்லை. முதலில் ஒரு இலை விழுந்தது. பிறகு பத்து. பிறகு மரம் முழுவதும் ஒரே நேரத்தில் கை விட்டதுபோல அத்தனை இலைகளும் இறங்கத் தொடங்கின. சரசரவென்று அடைமழைச் சத்தம். பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து நின்றார்கள். சைக்கிளில் போனவர் இறங்கிவிட்டார். கடும்பனி விழுந்தால் இப்படித்தான், ஒரே காலையில் எல்லாவற்றையும் உதிர்த்துவிடும் என்றார் பார்க் மெதுவான குரலில். என் கணவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். கோயிலில் கழற்றுவதுபோல.

பார்க்கின் போனை வாங்கிச் சமீராவுக்கு அடித்தேன். புஜைராவில் அப்போது இன்னும் விடிந்திருக்காது. "என்ன செலின், என்ன ஆச்சு?" என்று பதறினார்.

"ஒண்ணுமில்ல டாக்டர். கேளுங்க" என்று போனை மரத்தை நோக்கித் தூக்கிப் பிடித்தேன்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. கை வலித்தது. முழங்கால் வரை மஞ்சள் ஏறியிருந்தது. சூஜின் அதற்குள் உருண்டுகொண்டிருந்தாள். சத்தம் குறைந்து, கடைசி இலைகள் ஒவ்வொன்றாக வந்து, மரம் வெறுங்கிளையாக நின்றபோது போனைக் காதில் வைத்தேன். இணைப்பு அறுந்திருக்கும் என்று நினைத்தேன். அறுபடவில்லை. அந்தப் பக்கம் சமீராவின் மூச்சு கேட்டது.

"டாக்டர்?"

"இருக்கிறேன்" என்றார். குரல் தாழ்ந்திருந்தது, ஆனால் அது கோபம் இல்லை. "குழந்தை எங்கே?"

"இலைக்குள்ள புரண்டுக்கிட்டு இருக்கா."

"அவளைப் பேசச் சொல். அவள் குரலைக் கேட்க வேண்டும்."